ஒன்பதாவது பத்தி

மார்ச் 11, புதன்கிழமை, காலை 10.20. பக்கம் நான்கு, பத்தி பதினாறு, நான் போட வேண்டிய கையெழுத்து நான்கு. இதுவரை போட்டது பூஜ்யம்.

அத்தை, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் உங்களுடைய எக்ஸ்ரே கவர். யாருடைய நெஞ்சுப் படமோ இருந்த அந்தப் பழுப்புக் கவரில்தான் வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, ரூபியின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் வைத்திருந்தீர்கள். பெட்டி எதுக்கு, இதுல வச்சா ஒண்ணும் மடங்காது என்பீர்கள். சற்று முன் திறந்தேன். ஸ்பிரிட் வாசனை இன்னும் போகவில்லை. ஊசி போடப் போகிறார்கள் என்று நினைத்து உடம்பு தானாக இறுகிக்கொண்டது. ஏழு வயதில் இறுகிய அதே இடம், இடது புஜம்.

இன்று ஊசி இல்லை, பிரமாண வாக்குமூலம். வக்கீலம்மா காலையில் இதைக் கையில் கொடுத்தார். "நிதானமாப் படிங்க. சரியா இருந்தா பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. நம்ம கேஸ் முப்பத்திரண்டாவது, எப்படியும் மத்தியானம் ஆயிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். படித்துவிட்டேன். பதினைந்து பத்திகள் சரி. ஒன்பதாவது மட்டும் இப்படி இருக்கிறது:

"மேற்படி உயிலில் உயில் எழுதியவர் கையொப்பமிட்டதை இரண்டு சாட்சிகளும் நேரில் கண்டார்கள் என்றும், இரண்டு சாட்சிகளும் அவர் முன்னிலையில், அவர் பார்த்திருக்கத் தங்கள் கையொப்பத்தை இட்டார்கள் என்றும் உறுதி கூறுகிறேன்."

இது நடக்கவில்லை. நடக்கவில்லை என்று தெரிந்தவர்கள் நான்கே பேர். நீங்கள், நான், எங்கள் மில் போர்மேன் ராஜு சார், அப்பா. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், பேச மாட்டீர்கள். ராஜு சார் நான் சொல்வதைச் சொல்வார். அப்பா எதிர்மனுதாரர்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதாமல் வேறு என்ன எழுதினாலும் பொய்யாகிவிடும். நானூற்று நாற்பது வோல்ட் பேனலைத் திறந்து கையை உள்ளே விடுகிறவன் நான். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். மெயினை இறக்கு, பூட்டுப் போடு, 'வேலை நடக்கிறது' அட்டையைத் தொங்கவிடு, டெஸ்டரை வைத்துப் பார், பிறகு தொடு. இங்கே எதை இறக்குவது, எதில் டெஸ்டரை வைப்பது என்று தெரியவில்லை. டவாலி வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றுவிடுகிறேன். என் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகும் உடனே உட்கார முடியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் புதுப்பட்டிக்காரர். வரப்புத் தகராறு வழக்காம். என் கையில் தாள் ஆடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பிக்கு எத்தனாவது வாய்தா?"

"அஞ்சாவது."

"அம்புட்டுத்தானா. அதான் கை ஆடுது. எனக்கு இருபது தாண்டிருச்சு. இப்ப வீட்டுல இருந்தாத்தான் கை ஆடுது."

சிரித்தேன்.

உங்கள் உயில் எளிமையானது. இரண்டு பக்கம். ராஜபாளையத்து வீடு ரூபிக்கு. உயிலை நிறைவேற்ற வேண்டியவன் நான். நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்தேன். வக்கீல் வேண்டாம் அத்தை, மாதிரி நெட்டில் இருக்கிறது என்று சொன்னதும் நான்தான்.

ரூபியை நீங்கள் வளர்த்தீர்கள். பிரசவத்தில் தாய் இறந்து, தேடி யாரும் வராத பிள்ளையை நீங்கள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். இருபத்திரண்டு வருஷம். தத்து எடுத்ததற்கு ஒரு தாள் கிடையாது. உயில் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அவள் உங்கள் வீட்டில் குடியிருக்கும் யாரோ ஒரு பெண். உங்களுக்குக் கணவர் இல்லை, பிள்ளை இல்லை, தாய் தகப்பன் போய்விட்டார்கள். மிச்சம் கூடப் பிறந்த ஒரே தம்பி. அதாவது என் அப்பா. உயில் விழுந்தால் வீடு அப்பாவுக்கு. அவருக்குப் பிறகு எனக்கு. நான் ஜெயித்தால் எனக்கு ஒன்றும் கிடையாது, தோற்றால் வீடு. இப்படி ஒரு ஆளைப் பார்த்து எப்படித்தான் பிடித்தீர்களோ.

அன்றைக்கே கேட்டேன். "ஏன் அத்தை நான்? எத்தனையோ பெரியவங்க இருக்காங்க."

"பெரியவங்க எல்லாம் பதமாப் பேசுவாங்க மருமவனே. நீ மொகத்துக்கு நேரா பேசுற பய. எனக்கு அதான் வேணும்."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மணி 11.50. பதினோராவது வழக்கு போய்க்கொண்டிருக்கிறது.

நீங்கள் வேலை செய்த விதம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அப்பாவுக்கு ஆப்பரேஷன் ஆனபோது ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பாட்டில் வந்தாயிற்று, பெயர் ஒட்டியிருக்கிறது, பிரிவு சரியாக இருக்கிறது. நீங்கள் ஏற்றவில்லை. இன்னொரு நர்ஸ் அடுத்த வார்டிலிருந்து வரட்டும் என்று பத்து நிமிஷம் நின்றீர்கள். அவர் வந்ததும் இருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, உங்கள் தம்பியையே யாரோ ஒருவர் மாதிரி, "உங்க பேர் என்ன?" என்று கேட்டீர்கள். அப்பா வலியிலும் சிரித்தார். "என்னக்கா, பேரு வச்சதே நீதான?" நீங்கள் சிரிக்கவில்லை. அவர் பெயரைச் சொன்ன பிறகுதான் இருவரும் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டீர்கள்.

நான் வெளியே வந்து, அவங்க அங்கேயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தா ஆகாதா, இதுக்கு எதுக்கு ஆள் வரணும் என்றேன். "கையெழுத்து எனக்கு எதுக்குலே. ஆளு வந்து பாக்கணும்" என்றீர்கள்.

எங்கள் மில்லில் கையெழுத்து என்பது ஒரு கட்டம். காலியாக இருந்தால் ஆடிட்டில் கேட்பார்கள், அதனால் நிரப்ப வேண்டும். மணிக்கு ஒரு தடவை ஜெனரேட்டர் ரீடிங் எடுத்து எழுதுவது நாங்கள். 'சரிபார்த்தவர்' கட்டத்தில் ராஜு சார் ஷிப்ட் முடியும்போது எட்டுக் கையெழுத்தையும் ஒரே மூச்சில் போடுவார். டீ குடித்துக்கொண்டே போடுவார். சில நாள் மறுநாளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. அங்கே எல்லாரும் அப்படித்தான். நானும் அப்படித்தான்.

உயிலில் கையெழுத்துப் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாட்சி இரண்டு பேர். ஒருவர் எங்கள் சர்ச் உபதேசியார். ஆராதனை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். நீங்கள் அவர் எதிரில் கையெழுத்துப் போட்டீர்கள், அவர் உங்கள் எதிரில் போட்டார். இரண்டாவது, நீங்களே சொன்ன பெயர் ராஜு சார். அவருடைய அம்மாவைக் கடைசிக் காலத்தில் நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். நாலு மணிக்கு வருவதாக இருந்தது. மில்லில் ஒரு மோட்டார் எரிந்துவிட்டது, வரமுடியவில்லை என்று போன் செய்தார்.

"பரவால்ல, நாளைக்கு வரட்டும்" என்றீர்கள்.

எனக்கு நாளை என்பது பிடிக்காது. உயிலை எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைக்கை எடுத்து மில்லுக்குப் போனேன். பேனல் ரூமில் ராஜு சார் கையெல்லாம் கிரீஸ்.

"ஏமய்யா, ஞாயித்துக்கிழமையும் வந்துட்ட. எங்க போடணும்?"

"கீழ, ரெண்டாவது சாட்சின்னு இருக்குல்ல சார்."

ரீடிங் எழுதும் லாக் ஷீட் அட்டையை அடியில் கொடுத்தேன். போட்டார். என்ன தாள் என்றுகூட முழுசாகப் படிக்கவில்லை. "சிஸ்டர் சௌக்கியமா? நான் வாரேன்னு சொல்லு" என்றார். போக வர நாற்பது நிமிஷம். தாளின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் கிரீஸ் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நீங்கள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"ராஜு வரலையா?"

"கையெழுத்து வந்துட்டுல்ல அத்தை. ஆள் எதுக்கு?"

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். தாளை எக்ஸ்ரே கவரில் வைத்தீர்கள். அடுத்த வாரம், "ராஜுவை ஒரு நாள் கூட்டிட்டு வாலே. இன்னொரு தாள்ல புதுசா எழுதிருவோம்" என்றீர்கள். வாரேன் அத்தை என்றேன். அடுத்த மாதம் மறுபடி. மில்லில் வருஷாந்திரப் பராமரிப்பு, முடியட்டும் என்றேன். மூன்றாவது முறை ஆஸ்பத்திரியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. நான் குனிந்து கேட்டேன். "ராஜு வந்தாரா?" என்றீர்கள். மயக்கத்தில் ஏதோ பேசுகிறீர்கள் என்று நினைத்து, "வந்துட்டுப் போயிட்டார் அத்தை, நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் நான் உங்களிடம் பேசிய கடைசி வார்த்தை. ஒன்பதாவது பத்தியின் பொய்யை நான் முதலில் சொன்னது உங்களிடம்தான்.

மணி 1.15. கோர்ட்டு சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டது. எங்கள் வழக்கு வரவில்லை.

பட்டா மாற்றத்துக்குத் தாலுகா ஆபீஸ் போனபோதுதான் அப்பாவுக்கு உயில் பற்றித் தெரிந்தது. ஆட்சேபணை கொடுத்தார். தாசில்தார், எங்களுக்கு இதில் வேலை இல்லை, கோர்ட்டில் போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார். வக்கீலம்மா, ப்ரொபேட் வாங்கிவிடுவோம், உயில் உண்மைதான் என்று கோர்ட்டே சொல்லிவிட்டால் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது என்றார். அதற்கு ஒரு சாட்சியாவது கூண்டில் ஏற வேண்டும். உபதேசியார் பொங்கலுக்கு முன்னால் இறந்துபோனார். மிச்சம் ராஜு சார். அவரைத் தயார் செய்யும்போதுதான் வக்கீலம்மா, "நீங்க கையெழுத்துப் போடும்போது அந்தம்மா எதிர்ல இருந்தாங்கல்ல?" என்று கேட்டார். ராஜு சார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் பொதுவாகத் தலையாட்டிவைத்தார். சாட்சி உயில் எழுதியவர் எதிரில்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்ற சட்டமே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் ராஜு சார் சொன்னார். "இருந்தாங்கன்னு சொல்லிருவோம் தம்பி. பாக்காத ரீடிங்குக்கு எம்புட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். சிஸ்டருக்காக இன்னொண்ணு போடமாட்டேனா."

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. சட்டம் தெரிவதற்கு முன்பே அப்பாவிடம் நானே உளறியிருக்கிறேன். வீட்டில் சண்டை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு வழக்கு நடத்தினால் சண்டை வராமலா இருக்கும். "திருட்டு உயில்" என்றார். "எல்லாம் முறையாத்தான் நடந்திருக்கு, ராஜு சார் மில்லுலயே போட்டுக் கொடுத்துட்டார்" என்று கத்தினேன். முகத்துக்கு நேராகப் பேசுகிற பயல் அல்லவா.

அப்பா முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர், முன்னால் பள்ளம் தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். சட்டம் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருடைய வக்கீல் எழுந்திருக்கும்போது, இன்றைக்குத்தான் அது வரப்போகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அவர்கள் போட்ட எதிருரையில் நான் ரூபியைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை எடுக்கத் திட்டம் போட்டிருப்பதாக ஒரு பத்தி உண்டு. ரூபியிடம் காட்டினேன். பேண்டேஜ் துணி கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தலைமுடியெல்லாம் பஞ்சு. படித்துவிட்டுச் சிரித்தாள். "ஒங்களையா? பைக் சாவியக் கேட்டாலே கத்துற ஆளையா?" அன்றிலிருந்து தெருவில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி அண்ணே, அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். இன்று காலையில் போன் செய்தாள். "பயமா இருந்தா ஒரு மடக்குத் தண்ணி குடிங்கண்ணே. ஊசி போடுறதுக்கு முன்னால அம்மா எல்லார்ட்டயும் அதான் சொல்லும்." ஒன்பதாவது பத்தி பற்றி அவளுக்குத் தெரியாது. வீடு தனக்கு வந்துவிடும் என்று அடுப்படிக்கு வெள்ளையடித்துவிட்டாள்.

மணி 2.05. இப்போது நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன்.

கோர்ட்டுக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. காலையில் இரண்டு டப்பா கட்டி, ஒன்றை எனக்கும் ஒன்றை அப்பாவுக்கும் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு பஸ்ஸில் வந்தோம்.

அப்பா வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். அவரும் டப்பாவைத் திறந்தார்.

"ஊறுகா வச்சாளா ஒனக்கு?"

"இல்ல."

தன் டப்பாவின் மூடியிலிருந்து பாதியை என் பக்கம் தள்ளினார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ராஜு வந்திருக்காரே. இன்னைக்கு அவரை ஏத்துறீங்களா?"

"மொதல்ல நான். பொறவு அவர்."

"ம்." தண்ணீர் குடித்தார். "அன்னைக்கு நீ சொன்னியே, மில்லுல போட்டதுன்னு. அதை நான் வக்கீல்கிட்ட சொல்லல."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"வீட்டுல கோவத்துல நீ கத்துனதை எடுத்துட்டு வந்து கோர்ட்டுல வைக்கவாலே ஒன்னைப் பெத்தேன்? மத்தது எம்புட்டோ இருக்கு. அதை வச்சு ஜெயிச்சுக்கிடுதேன்."

"அப்புறம் எதுக்குப்பா இந்தக் கேஸு?"

அவர் டப்பாவை மூடினார். மூடிய பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டுல பாதி என் பங்குலே. அக்கா கல்யாணம் வேண்டாம்னுட்டா, அவளுக்குன்னு ஒரு எடம் இருக்கட்டும்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை கேக்காம கொடுத்தேன். அதை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப்போறேன் தம்பின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? ஒங்கிட்டச் சொல்லிருக்கா. உபதேசியார்ட்டச் சொல்லிருக்கா. ராஜுட்டச் சொல்லிருக்கா. நான் வாரம் தவறாம மீன் வாங்கிட்டுப் போய் அந்த அடுப்படியிலதான் ஒக்காந்திருப்பேன்."

எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

அத்தை, இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியவில்லை, எழுத்தில் சொல்கிறேன். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். ராஜு சார் வரவில்லையே என்று என்னை மூன்று முறை கேட்டீர்கள். அப்பாவை ஒரு முறையும் கூப்பிடவில்லை. அவர் வருத்தப்படுவார் என்று பயந்தீர்களோ, தடுப்பார் என்று பயந்தீர்களோ, தெரியாது. ரத்தம் ஏற்றத் தம்பியிடமே பெயர் கேட்ட நீங்கள், அவர் கொடுத்த பாதியைக் கைமாற்றும்போது அவரிடம் கேட்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைக் கவரில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் பைக்கில் எடுத்துப் போன மாதிரிதான் இதுவும்.

கோபம் இல்லை. இல்லை, இருக்கிறது. ஆனால் அது பயத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

ஏனென்றால் இப்போது எனக்கு எந்தத் தடையும் இல்லை. அப்பா வாயை மூடிக்கொண்டார். ராஜு சார் தயார். வக்கீலம்மா மறுபடி கேட்க மாட்டார். நான்கு கையெழுத்து, முடிந்தது. ரூபிக்கு வீடு. இத்தனை நாளாக அப்பா சொல்லிவிடுவார் என்றுதான் பயந்தேன். சொல்ல மாட்டார் என்று தெரிந்ததும் பயம் பாதியாகியிருக்க வேண்டும். இரண்டு மடங்காகிவிட்டது. அவர் என் அப்பாவாக இருந்து வாயை மூடியதை வைத்தே அவரைத் தோற்கடிக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு அதே வீட்டில் போய் ராத்திரி அவரோடு சாப்பிட வேண்டும்.

பேனாவைத் திறந்தேன். முதல் பக்கத்தில் வைத்தேன். லாக் ஷீட் மாதிரிதான் இருந்தது. கட்டம் காலியாக இருக்கிறது, நிரப்பு. கை போகவில்லை.

மணி 5.10. ராஜபாளையம் பஸ். ஜன்னல் சீட். கையெழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு வக்கீலம்மாவை வராந்தா மூலைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, பைக், பேனல் ரூம், கிரீஸ், எல்லாம். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாமேன்னு நான் கேக்கக் கூடாது. ஆனா மனசுல கேக்குறேன்" என்றார். "ஒரு சாட்சி ஒழுங்காப் போட்டிருக்கார். ஒருத்தர் பத்தாது, ரெண்டு பேர் வேணும். நீங்க சொல்றது நெசம்னா இந்த உயில் நிக்காது தம்பி."

"அப்ப ரூபி?"

"வீடு உங்கப்பாவுக்குப் போகும். அவர் மனசு வச்சு அந்தப் பொண்ணுக்கு எழுதிக் கொடுத்தா உண்டு. கொடுத்தே ஆகணும்னு சட்டத்துல இல்ல. அதுக்கு நான் மனு போட முடியாது. நீங்கதான் கேக்கணும்."

முப்பத்திரண்டாவது வழக்கு மூன்றே முக்காலுக்கு வந்தது. டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார், முதல் தடவையே நான் உள்ளே நின்றிருந்தும். வக்கீலம்மா எழுந்து, வாக்குமூலத்தில் திருத்தம் இருக்கிறது, அவகாசம் வேண்டும் என்றார். நீதிபதி என்னை ஒரு நொடி பார்த்தார். அந்தப் பக்கம் அப்பா என்னைப் பார்த்தார். இருபத்தைந்தாம் தேதி என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்தேன்.

ராஜு சாருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏமய்யா, இதுக்கா லீவு போட்டேன்?" என்றார். பால்கோவா வாங்கப் போய்விட்டார். புதுப்பட்டிப் பெரியவர் தூரத்திலிருந்து கையைத் தூக்கி, "ஆறாவது," என்றார்.

பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் அப்பாவும் இதே பஸ். இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்து தூங்குகிறார். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம், தூக்கத்திலேயே அவருடைய வலது காலும் தரையை அழுத்துகிறது. நான் இத்தனை மாதம் பயந்த நீதிமன்றம் பின்னால் போய்விட்டது. பயம் போகவில்லை. அது அந்த நரைத்த பின்தலையில் இருக்கிறது. அவர் முடியாது என்று சொன்னால், ரூபியின் வீட்டைப் பறித்தவன் அவர் இல்லை, நான்தான். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் நாற்பது நிமிஷத்தில் முடித்த நான்தான்.

எக்ஸ்ரே கவர் மடியில் இருக்கிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது வீடு இல்லை, இந்தக் கவரும் இல்லை. ஆளு வந்து பாக்கணும் என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி. அது மட்டும்தான். ஆகவே:

1. பஞ்சு மார்க்கெட் நிறுத்தம் வருவதற்குள் அப்பாவை எழுப்புவேன். வீட்டுக்குப் போக வேண்டாம், அத்தை வீட்டுக்கு வாங்க என்பேன். எதற்கு என்று கேட்டால் அங்கே வந்து சொல்கிறேன் என்பேன்.

2. ரூபிக்குப் போன் செய்ய மாட்டேன். அவள் ஆறு மணிக்கு வருவாள். அதுவரை அடுப்படியில் உட்கார்ந்திருப்போம்.

3. நடந்ததை அவளிடம் நானே சொல்வேன், அப்பாவின் முன்னால். நீங்கள் மூன்று முறை கேட்டதையும், நான் கடைசியாகச் சொன்ன பொய்யையும் சேர்த்து. வெள்ளையடித்த சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொல்வேன்.

4. பிறகு அப்பாவிடம் கேட்பேன். நீங்கள் கேட்டிருக்க வேண்டியதையும் சேர்த்துக் கேட்பேன். ஒரே முறை. கேட்டுவிட்டு, அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் வாயைத் திறக்க மாட்டேன்.

5. முடியாது என்றால் அதை ரூபியின் முகத்தைப் பார்த்து அவரே சொல்லட்டும். அவருக்காக நான் போய்ச் சொல்ல மாட்டேன்.

6. ஒன்பதாவது பத்தியை நடந்தது நடந்தபடி எழுதி, நாளை ஷிப்டுக்கு முன்னால் வக்கீலம்மாவிடம் கொடுப்பேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவேன்.

7. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ராஜு சாரைக் கல்லறைத் தோட்டத்துக்கு, உங்களிடம் கூட்டிவருவேன். கையெழுத்துக்கு இல்லை. ராஜு வந்தாரா என்று கேட்டீர்களே.